தேர்வில் தோற்றவரும் நம் அணிதான்



இலக்கியமும் வரலாறும் பேசப்படும் இந்த அறக்கட்டளை மேடையில் இந்த ஆண்டு குத்துச்சண்டைக்கு இடம் தந்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரிங் ஓரத்தில், கார்னரில் நின்றவன் நான். ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அதற்குள் தண்ணீர் கொடுத்து, மூக்கைத் துடைத்து, இரண்டு வாக்கியம் சொல்வோம். அதற்கு மேல் சொன்னால் பிள்ளையின் காதில் ஏறாது. இங்கே ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனாலும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணித் தேர்வு. நான் பயிற்சி கொடுத்த பெண் இறுதிச் சுற்றில் ஆடினாள். பத்தொன்பது வயது. மூன்று ரவுண்டும் சமமாகப் போனது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் சிவப்பு என்றார்கள், இரண்டு பேர் நீலம் என்றார்கள். என் பெண் நீலம். ரிங்கைவிட்டு இறங்கி, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்தாள். ஒரு கைக்கு நாலரை மீட்டர் துணி. மணிக்கட்டிலிருந்து விரலிடுக்கு வரை சுற்றியதை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, வியர்வையில் ஒட்டியிருந்ததை நீவிவிட்டு, தொடையில் வைத்துச் சுருட்டினாள். ஒரு கை முடிந்ததும் அடுத்த கை. இரண்டு உருண்டைகளையும் பையில் வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. “மாஸ்டர், அடுத்து எப்போ?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேர்வு நடத்தியவர்களிடம் போய்க் கேட்டேன். அடுத்த போட்டி எப்போது, இந்தப் பெண்ணுக்கு முகாமில் இடம் உண்டா, மதிப்பெண் தாளைப் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் சரியான பதில் இல்லை. மதிப்பெண் தாளைக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். அவள் இன்னும் நாலு மாதம் பயிற்சிக்கு வந்தாள். பிறகு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்று வென்ற பெண்ணும் அடுத்த ஆண்டு தோள்பட்டைக் காயத்தால் நின்றுவிட்டாள். அந்த எடைப் பிரிவில் அனுப்ப எங்களிடம் ஆளே இல்லை.

நம் நாட்டில் குத்துச்சண்டை வீரர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், யாரை அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்றுதான் வாதிடுவோம். அனுப்பாமல் விடப்பட்டவர் அடுத்த திங்கட்கிழமை காலை எங்கே போய் நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாட்டின் அணி எவ்வளவு பலமானது என்பதை அந்தக் கேள்விக்கான பதில்தான் சொல்லும் என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைக்கு மொத்தம் 248 இடங்கள். ஆண்களுக்கு ஏழு எடைப் பிரிவு, பெண்களுக்கு ஆறு. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். 140 கோடி பேர் வாழும் நாடானாலும், மூன்று லட்சம் பேர் வாழும் தீவானாலும், 57 கிலோவில் ஒரே ஒரு நாற்காலி. அதையும் கண்டத் தகுதிப் போட்டியிலோ உலகத் தகுதிப் போட்டியிலோ சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே, நாட்டில் இரண்டாவது இடத்தில் இருப்பவர் உலகத்தில் பத்தாவது இடத்தில் இருக்கலாம். அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்த இரண்டாம் இடத்தின் கதையை இந்தியா முழுதும் பார்த்தது 2019இல். மேரி கோம் அப்போது ஆறு முறை உலகச் சாம்பியன். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியவர். அந்த வெண்கலமே எளிதில் வந்ததல்ல. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்த அந்த முதல் ஆண்டில் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவுகள். 46, 48 கிலோவில் ஆடிப் பழகிய அவர், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு மோத 51 கிலோவுக்கு ஏறினார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் உலகச் சாம்பியன் ஆனவர். அப்படிப்பட்டவருக்கு எதிராக நிஜாமாபாத்தைச் சேர்ந்த 23 வயதுப் பெண் நிகத் ஜரீன், தேர்வுப் போட்டி இல்லாமல் யாரையும் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அனுப்பக்கூடாது என்று விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதினார். பலர் அதை மரியாதைக்குறைவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதில் மூத்தவரைக் காலில் விழுந்து வணங்கலாம். ரிங்குக்குள் ஏறிவிட்டால் இருவருக்கும் ஒரே எடைக் கையுறைதான்.

2019 டிசம்பர் 28இல் டெல்லியில் தேர்வு நடந்தது. மேரி கோம் 9-1 என்று வென்றார். முடிந்ததும் கைகொடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் மறுநாள் செய்தியாக வந்தது. நான் கவனித்தது வேறு. தோற்ற பெண் அதோடு காணாமல் போகவில்லை. 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலகச் சாம்பியன். 2023இல் டெல்லியில் 50 கிலோவில் மறுபடியும் உலகச் சாம்பியன். அந்த 9-1ஐ மட்டும் வைத்து அவரை எடை போட்டிருந்தால் இந்த இரண்டு தங்கமும் நமக்கு வந்திராது.

அதே நிகத்துக்குப் பாரிஸில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை உலகச் சாம்பியன் என்றாலும் ஒலிம்பிக்கில் அவருக்குத் தரவரிசை இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே முதல் தரவரிசையில் இருந்த சீனத்தின் வூ யூவோடு மோத வேண்டி வந்தது. தோற்றார். வூ யூ கடைசியில் தங்கம் வென்றார். தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகள் எவை, எந்த மாதம் நடக்கின்றன, அதற்கு யாரை அனுப்புவது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டமிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. மூட்டையைக் குத்துவதால் மட்டும் நல்ல வரிசை கிடைத்துவிடாது.

அடுத்த கதை ஜாஸ்மின் லம்போரியா. ஹரியானாவின் பிவானி ஊர்க்காரர். 1966, 1970 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்ற ஹவா சிங்கின் உறவு வழியில் வந்தவர். ஒலிம்பிக் தகுதிக்கு 60 கிலோவில் இரண்டு முறை முயன்றார், கிடைக்கவில்லை. கடைசித் தகுதிப் போட்டிக்கு 60 கிலோவில் வேறொருவரை அனுப்ப முடிவாயிற்று. நம் ஊர் வழக்கப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 57 கிலோவில் ஏற்கெனவே இடம் வாங்கி வைத்திருந்த பர்வீன் ஹூடாவுக்கு ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி தடை வந்தது. மருந்து எதையும் அவர் உட்கொண்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. எந்த நாளில் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டிய தகவலில் தவறினார். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அது குற்றம். நாடு வாங்கி வைத்திருந்த 57 கிலோ இடமும் கையைவிட்டுப் போயிற்று.

மாற்று ஆளாக வைக்கப்பட்டிருந்த ஜாஸ்மின் மூன்று கிலோ குறைத்துக்கொண்டு பாங்காக் போனார். 57 கிலோவில் அந்த இடத்தை மீட்டு வந்தார். பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே பிலிப்பீன்ஸின் நெஸ்தி பெடேசியோவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலகச் சாம்பியன்ஷிப்பில், பாரிஸில் வெள்ளி வென்ற போலந்தின் ஜூலியா ஷெரெமெத்தாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். இந்தப் பெண்ணை எத்தனை முறை நாம் கைவிட்டிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். 60இல் இடம் கிடைக்காதபோது ஒரு முறை. வேறொருவரை அனுப்பியபோது ஒரு முறை. பாரிஸ் முதல் சுற்றுக்குப் பிறகு இன்னொரு முறை. முகாமில் அவர் பெயர் இருந்தது, பயிற்சி நடந்துகொண்டிருந்தது, அதனால்தான் தேவைப்பட்ட நாளில் ஆள் இருந்தார்.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பெரிய சண்டைக்கு வருகிறேன். இரண்டு பேரையும் ரிங்கில் ஏற்று, வென்றவரை அனுப்பு என்பது ஒரு வழி. நாங்கள் ட்ரையல்ஸ் என்கிறோம். முகாமில் வாரக்கணக்காக வைத்துப் பார்த்து, உடல்திறன், ஸ்பேரிங் என்ற பயிற்சி மோதல், எடைக்கட்டுப்பாடு, வருகை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, கூடுதல் புள்ளி வாங்கியவரை அனுப்பு என்பது இன்னொரு வழி. 2023இல் நம் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு இந்த இரண்டாவது வழிக்கு மாறியது. அயர்லாந்திலிருந்து வந்த பெர்னார்ட் டன் அப்போது உயர்திறன் இயக்குநர். உடனே வழக்கு வந்தது. தேசியச் சாம்பியன்களாக இருந்தும் உலகச் சாம்பியன்ஷிப் அணியில் இடம் பெறாத மூன்று பெண்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அணி மாறவில்லை. அந்த அணி டெல்லியில் நான்கு தங்கம் வென்றது: நீத்து, நிகத், லவ்லினா, ஸ்வீட்டி.

நான்கு தங்கம் வந்துவிட்டதால் அந்த மூன்று பெண்களும் சொன்னது தவறு ஆகிவிடுமா? ஆகாது. எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லுங்கள், எனக்கு எத்தனை புள்ளி என்று காட்டுங்கள் என்பது எந்த வீரரும் கேட்க உரிமையுள்ள கேள்வி.

ஆண்கள் பக்கம் இதே மதிப்பீட்டு முறை என்ன செய்தது என்றும் பாருங்கள். 51 கிலோவில் அமித் பங்கல் இருந்தார். 2018 ஆசியப் போட்டியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன் துஸ்மதோவை வென்று தங்கம், 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. மதிப்பீட்டில் அவரை முந்தினார் தீபக் போரியா. தீபக் 2023 தாஷ்கண்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கி, தன்னைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று காட்டினார். ஆனால் ஒலிம்பிக் இடம் ஆசியப் போட்டியிலும் கிடைக்கவில்லை, இத்தாலியில் நடந்த தகுதிப் போட்டியிலும் கிடைக்கவில்லை. கடைசி வாய்ப்புக்குப் பங்கலை அனுப்பினார்கள். அவர் பாங்காக்கில் இடத்தை வாங்கிவிட்டார். பாரிஸில் தன் முதல் ஆட்டத்திலேயே ஜாம்பியா வீரரிடம் தோற்றார். இருவரில் யார் சிறந்தவர்? எனக்குச் சொல்லத் தெரியாது. இருவரும் இருந்ததால்தான் 51 கிலோவில் நம் கொடி பாரிஸுக்குப் போயிற்று என்பது மட்டும் நிச்சயம்.

ட்ரையல்ஸில் ஒரு குறை உண்டு. ரிங்கில் ஏறும் இருவரும் ஒரே முகாமில் ஒன்றாகச் சாப்பிட்டு, நாள்தோறும் ஸ்பேரிங் செய்தவர்கள். ஒருவர் எப்போது இடது ஹூக் போடுவார் என்று மற்றவருக்கு மனப்பாடம். முகாமில் வெல்வது ஒரு கலை. முன்பின் பார்த்திராத உயரமான கஜகஸ்தான் இடக்கைக்காரரை வெல்வது வேறு கலை. மதிப்பீட்டு முறையிலும் ஒரு குறை உண்டு. புள்ளி போடுகிறவரின் கண்ணில் யார் படுகிறாரோ அவருக்குச் சாதகம். தூரத்து ஊரிலிருந்து வந்து, இந்தி தெரியாமல், கேட்டதற்கு மட்டும் தலையாட்டும் பிள்ளை அங்கே பின்தங்கிவிடும். நம் பிள்ளைகள் பலர் அப்படிப் பின்தங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே ஒரு ட்ரையல்ஸும் வேண்டாம், மூடிய மதிப்பீடும் வேண்டாம். ஆண்டில் மூன்று நான்கு முறை மோத விடுங்கள். நடுவர்கள் வெளியிலிருந்து வரட்டும். ஒவ்வொரு மோதலின் புள்ளியையும் அன்று மாலையே சுவரில் ஒட்டுங்கள். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் மாற்றி மாற்றி அனுப்புங்கள். அதன்பிறகு கூட்டிக் கழித்து ஒருவரை அனுப்பினால், தோற்றவர் கோர்ட்டுக்குப் போக மாட்டார். அடுத்த நாள் பயிற்சிக்கு வருவார்.

இரண்டாம் ஆளையும் மூன்றாம் ஆளையும் கைவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று உலகத்துக்குச் செய்து காட்டிய நாடு கியூபா. 1962இல் அங்கே தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தார்கள். பிறகு அல்சிடெஸ் சகார்ரா என்ற பயிற்சியாளர், சோவியத் நாட்டிலிருந்து வந்த ஆந்த்ரே செர்வோனென்கோவின் துணையோடு ஒரு முழு அமைப்பையே கட்டினார். ஊர்தோறும் சிறுவர்கள், அங்கிருந்து மாகாண விளையாட்டுப் பள்ளிகள், அங்கிருந்து ஹவானாவுக்கு வெளியே தோட்டத்தின் நடுவில் உள்ள தேசிய முகாம். ‘லா ஃபின்கா’ என்பார்கள். பண்ணை என்று பொருள். 1972 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், 1980இல் ஆறு, 1992 பார்சிலோனாவில் ஏழு. ஸ்டீவன்சனும் சவோனும் ஆளுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். அவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது அந்தத் தங்கங்களின் கதையை இல்லை. தங்கமே வராத ஒரு ஆண்டின் கதையைச் சொல்வேன்.

2004 ஏதென்ஸில் கியூபா ஐந்து தங்கம் வென்றது. அந்த ஐவரில் பார்த்தெலெமி, கம்போவா, சோலிஸ் மூவரும் 2006 இறுதியில் வெனிசுவேலாவில் முகாமிட்டிருந்தபோது அணியைவிட்டுப் போய்விட்டார்கள். 2007இல் ரியோ நகரில் ரிகோண்டோ தப்ப முயன்று, அதன்பிறகு அணியில் சேர்க்கப்படவில்லை. கிண்டெலான் ஓய்வு பெற்றுவிட்டார். ஐந்து தங்கக்காரர்களும் இல்லை. 2007 உலகச் சாம்பியன்ஷிப்புக்குக் கியூபா போகவும் இல்லை. அப்படியிருந்தும் 2008 பெய்ஜிங்கில் கியூபா நான்கு வெள்ளி, நான்கு வெண்கலம், ஆக எட்டுப் பதக்கம் வாங்கியது. தங்கம் இல்லாததால் உலகப் பத்திரிகைகள் வீழ்ச்சி என்று எழுதின. எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. வீட்டின் முன்தூண் ஐந்தையும் பிடுங்கிவிட்டார்கள். கூரை நிற்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் ‘பிளாயா கிரோன்’ தேசியப் போட்டியில் ஒவ்வொரு எடையிலும் இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்களை அவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதுதான் காரணம்.

அந்தக் கியூபாவிலிருந்து நமக்கும் ஒருவர் வந்தார். பிளாஸ் இக்லேசியாஸ் ஃபெர்னாண்டஸ். 1990இல் இந்தியா வந்து நெடுங்காலம் நம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் அவர்தான்.

கியூபாவின் வழி சர்க்கார் கட்டிய வழி. நம் நாட்டில் அதற்கு இணையாக ஒன்று தானாக முளைத்த இடம் பிவானி. 2008 பெய்ஜிங்குக்குப் போன ஐந்து இந்திய வீரர்களில் நால்வர் அந்த ஒரே ஊர்க்காரர்கள். விஜேந்தர் சிங் 75 கிலோவில் வெண்கலம் வாங்கினார். நம் குத்துச்சண்டையின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அகில் குமார் அப்போதைய உலகச் சாம்பியன் வோதோப்யானோவை வீழ்த்திக் கால் இறுதி வரை போனார். ஜிதேந்தரும் கால் இறுதி. அந்த விஜேந்தரே முந்தைய வாய்ப்புகள் கைநழுவி, கஜகஸ்தானில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில்தான் ஒலிம்பிக் இடம் வாங்கினார். பிவானியின் ரகசியம் என்ன என்று கேட்பார்கள். பாலும் நெய்யும் என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சியாளர் ஜக்தீஷ் சிங்கின் கண்டிப்பு என்பவர்கள் உண்டு. நான் அங்கே கண்டது, நாள்தோறும் காலையில் ஸ்பேரிங்குக்கு உன் எதிரில் நிற்பவன் உன் அளவுக்கே நல்லவன் என்பது. முதல் ஆளும் நான்காம் ஆளும் ஒரே கூடத்தில் வியர்க்கிறார்கள். நான்காம் ஆள் நின்றுவிட்டால் முதல் ஆளின் தரமும் ஆறு மாதத்தில் இறங்கிவிடும். குத்துச்சண்டையில் தனியாக வளர முடியாது. எதிரில் அடிக்க ஒருவர் வேண்டும், அவரும் திருப்பி அடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இந்த அடித்தளம் இடிந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2012 டிசம்பரில் நம் கூட்டமைப்பை உலக அமைப்பு இடைநீக்கம் செய்தது. அடுத்து வந்த அமைப்பும் நிலைக்கவில்லை. 2016 செப்டம்பரில்தான் இப்போதைய கூட்டமைப்பு வந்தது. லண்டனுக்கு எட்டுப் பேர் போன நாட்டிலிருந்து ரியோவுக்கு மூன்றே ஆண்கள் போனார்கள். ஒரு பெண்கூட இல்லை. நிர்வாகிகள் நாற்காலிக்குச் சண்டை போட்ட அந்த ஆண்டுகளில் பதினேழு, பதினெட்டு வயதில் இருந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. குத்துச்சண்டை வீரரின் உடம்புக்கு நல்ல காலம் பத்து வருடம். அதில் நாலு வருடத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

எடைப் பிரிவு பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மாலைப் பயிற்சியை முடித்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் விட மாட்டார்கள். ஆட்டம் உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். ஒரு பையன் முந்தின இரவு முன்னூறு கிராம் கூடுதல் என்று தெரிந்து, விடியுமுன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவதையும், வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்காமல் பாட்டிலில் துப்புவதையும் நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எடை சரியாகிவிடும். மாலை ரிங்கில் கால் நகராது. அந்தப் பையனை மேல் பிரிவுக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு வருடம் முன்பே முடிவெடுக்காதது பயிற்சியாளர் செய்த தவறு. நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. லிவர்பூலில் நம் பெண்கள் நான்கு பதக்கம் வென்றார்கள். ஜாஸ்மின் 57 கிலோவில், மீனாட்சி ஹூடா 48 கிலோவில் தங்கம். நூபுர் 80 கிலோவுக்கு மேல் வெள்ளி, பூஜா ராணி 80 கிலோவில் வெண்கலம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு உள்ள ஏழு பிரிவுகளும் 51இல் தொடங்கி 75இல் முடிகின்றன. நான்கில் ஒரே ஒரு பதக்கம்தான் ஒலிம்பிக் பிரிவில் வந்தது. மற்ற மூவரும் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். அப்படி நகரும்போது, அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் இரண்டாம் இடத்துக்குப் போவார். 51 கிலோவில் நிகத்தும் இருக்கலாம், மீனாட்சியும் வரலாம். இது வரப்போகிற சண்டை. இப்போதே இருவருக்கும் வழியைச் சொல்லிவிட வேண்டும். 69 கிலோவில் டோக்கியோ வெண்கலம் வென்ற லவ்லினா, அந்தப் பிரிவு பாரிஸில் இல்லை என்றதும் 75க்கு ஏறி 2023இல் உலகச் சாம்பியன் ஆனார். நேரம் கொடுத்தால் முடியும்.

நம் ஊருக்கு வருகிறேன். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழியாகக் குத்துச்சண்டை வளர்ந்த கதையை உங்களில் மூத்தவர்கள் எனக்கே சொல்லித் தருவீர்கள். அந்தப் பரம்பரைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவனை வாத்தியார் விடமாட்டார். தோற்றவன் தோளில் பரம்பரையின் மானம் இருந்ததால், அவனைத் திரும்பத் தயார் செய்வது வாத்தியாரின் கடமை. ரோசம் என்று சொன்னது அதைத்தான். இந்த மண்ணிலிருந்து தேவராஜன் 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் கொண்டுவந்தார். கலைவாணி 2019 தெற்காசியப் போட்டியில் 48 கிலோவில் தங்கம் வென்றார். 48 ஒலிம்பிக் பிரிவு அல்ல என்பதைச் சற்று முன் சொன்னேன். நம்மிடம் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மிடம் இல்லாதது ஆட்டம். ஹரியானாவில் பதினாறு வயதுப் பையன் ஆடி முடித்திருக்கும் ஆட்டங்களில் பாதிகூட நம் பையனுக்குக் கிடைப்பதில்லை. மாவட்டப் போட்டியில் ஒரு எடையில் இரண்டே பேர் வருகிறார்கள். ஒரே ஆட்டம், ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ். கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழ் போதும் என்று பெற்றோரும் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேறு வழியை யார் காட்டினோம்?

மாதம் ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில், அக்கம்பக்கத்து மூன்று மாவட்டப் பிள்ளைகளைக் கூட்டி ஆடவிட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் ஆட்டம் கிடைக்கும். ஒரு ரிங், ஒரு மருத்துவர், ஐந்து நடுவர், மதிய சாப்பாடு. இந்த அறக்கட்டளை போன்றவை நினைத்தால் நடத்த முடியாத செலவில்லை. அங்கே தோற்பவன் அடுத்த மாதமே திரும்ப ஏறலாம். தோல்வியோடு பழகிய பிள்ளை, ஒரு தேர்வில் 3-2 என்று தோற்றதற்காகக் கையுறையைக் கழற்றி வைக்க மாட்டான்.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணை இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தேன். கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருந்தது. “கைக்கட்டுத் துணியை இன்னும் வெச்சிருக்கேன் மாஸ்டர்” என்றாள். நான் அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இன்றும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்த தேர்வுப் போட்டி நடக்கும்போது வந்து பாருங்கள். நடுவர் யாருடைய கையை உயர்த்துகிறாரோ அவரைச் சுற்றிக் கேமராவோடு ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் மற்றொரு பிள்ளையிடம் போங்கள். சுவரோரம் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த போட்டி எப்போது என்று அவளிடம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு போட்டி நடத்துகிறவர்களின் மேசைக்குப் போய், தேதி கிடைக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.